பெயரில்லாத மூன்று நாள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தவர்கள் ஒற்றை வீட்டைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு மாடி, நூற்று எழுபத்தாறு வீடு என்று கேள்விப்பட்டிருந்தால் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள். சைட் இன்ஜினியர் ஜெபசிங் பதினெட்டு வருடமாக இந்தப் பிழைப்பில் இருக்கிறான். கம்பி வந்து இறங்கும் நாளில் கம்பி கட்டுகிறவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வரும் நாளில் மழை வரும். ஆர்க்கிடெக்ட் புது வரைபடம் அனுப்பியிருப்பார், அது வந்து சேர்வதற்குள் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கீழே சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் மாசி பிறந்தும் திரும்பமாட்டார்கள். திங்கட்கிழமை தோறும் எல்லோரும் உட்கார்ந்து தாமதத்துக்கு யார் காரணம் என்று பேசுவார்கள், அந்தப் பேச்சில் இன்னும் அரை நாள் போகும்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் அந்த மென்பொருள் வந்தது. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. சைட்டில் அதற்குப் பெரிய மேஸ்திரி என்று பெயர். ஆயிரத்து நானூறு கட்டட வேலைகளின் நாட்குறிப்புகளைப் படித்துப் பாடம் கற்றது அது. எந்த லாரி எந்தச் சிக்னலில் மாட்டும், எந்த வரைபடம் மூன்றாவது முறையும் மாறும், தீபத்துக்குப் போகிற திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் எத்தனையாவது நாள் திரும்புவார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஒரு மின்னணுச் சில்லு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஜெபசிங்கின் மேஜைத் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். முதல் ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட வேலை பிந்தவில்லை. ஜெபசிங்குக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போக நேரம் கிடைத்தது. அவன் மனைவிக்கே அதை நம்பக் கொஞ்ச நாள் பிடித்தது.

வானத்தில் டிரோன் பறந்து சுவர்களைப் படமெடுத்தது. தரையில் சித்தாள்கள் தலையில் கலவைச் சட்டி சுமந்தார்கள். நம்முடைய முன்னேற்றம் எப்போதும் மேலேயிருந்துதான் தொடங்கும், தரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும்.

சித்தாள்கள் பதினோரு பேர். அவர்களுக்கு முன்னே நடப்பவள் தனக்கொடி, மேஸ்திரி ஏழுமலையின் தங்கை, தண்டராம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சில்லு இருக்கிறது, வருகைப் பதிவு தானாக ஏறுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏழுமலை தினமும் காலையில் வாய்விட்டுப் பெயர் கூப்பிடுவார். முதல் பெயர் எப்போதும் தனக்கொடி. அவளும் எதிரிலேயே நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குவாள். எல்லோரும் சிரிப்பார்கள், வேலை தொடங்கும்.

பெரிய மேஸ்திரியைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. தன் மாமியார்கூட இவ்வளவு கண்காணித்ததில்லை என்பாள். ஊரில் அவள் இரண்டு அறை வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் ஜன்னலுக்கு மேல் ஏறி நின்றுபோய் இரண்டு வருடம். அது எப்போது முடியும் என்று பெரிய மேஸ்திரியைக் கேட்டுச் சொல்லும்படி ஒருநாள் ஜெபசிங்கிடம் வந்து நின்றாள். அவனும் விளையாட்டாக அளவுகளைக் கேட்டு உள்ளே போட்டான். மாசி பதினெட்டில் தளம், பங்குனி உத்திரத்துக்குப் பால் காய்ச்சலாம் என்று வந்தது. அன்று முழுக்க அவள் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரம்தான் ஜெபசிங் தன் சைட்டின் அட்டவணையில் அந்த மூன்று நாளைப் பார்த்தான்.

அக்டோபர் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மூன்று கட்டங்களும் வெற்றாக இருந்தன. மழைக்கு ஒதுக்கிய நாள்களில் மழை என்று எழுதியிருக்கும், பண்டிகைக்குப் பண்டிகையின் பெயர் இருக்கும். இவற்றுக்கு மட்டும் பெயர் இல்லை. எல்லா ஆட்களுக்கும் வேலை இல்லை, அவ்வளவுதான். ஏதாவது அம்மன் கோயில் திருவிழாவாக இருக்கும் என்று நினைத்து ஏழுமலையைக் கேட்டான். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, அந்த வாரம் எங்கள் பக்கம் ஒன்றும் கிடையாது என்றார்.

மென்பொருள் கம்பெனியில் இந்த சைட்டுக்குப் பொறுப்பு மிருதுளா என்ற பெண். கோயம்புத்தூர்க்காரி, கேட்டதற்குச் சலிக்காமல் பதில் சொல்வாள். ஜெபசிங் அவளைப் போனில் கூப்பிட்டான்.

“அது என்ன நாள்னு சிஸ்டத்துக்கே தெரியாதுங்க சார்,” என்றாள் மிருதுளா. “இந்த உயரம், இந்த வேகம், மேல கிரேனும் கீழ பூச்சு வேலையும் ஒரே சமயத்துல நடக்குது. இப்படி இருக்கற சைட்டுல எங்கயோ ஒரு மூணு நாள் வேலை நின்னு போகுது. அதைச் சேர்த்துப் போட்டாத்தான் முடியற தேதி சரியா வருது. அதனால போட்டிருக்கு. முன்னபின்ன ஒரு வாரம் தள்ளிப் போகலாம்.”

எந்தெந்த சைட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று கேட்டான். பெயர்களைச் சொல்லக்கூடாது, ஊரும் தேதியும் சொல்லலாம் என்று அவள் படிக்க ஆரம்பித்தாள். நான்காவது வரியில் ஜெபசிங் அவளை நிறுத்தச் சொன்னான். நாவலூர், பதினான்கு மாடி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜூன் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

அந்த சைட்டில் அவன் ஜூனியராக இருந்தான். ஜூன் பத்தாம் தேதி மாலை, கம்பி கட்டும் அய்யனாரப்பன் ஒன்பதாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்று ஜெபசிங் மேலதிகாரியைக் கேட்டான். மூன்று நாளைக்கும் ‘வேலை இல்லை’ என்று மட்டும் போடு, வேறு எதுவும் வேண்டாம் என்றார் அவர். அவனும் அப்படியே போட்டான். எல்லா சைட்டிலும் அப்படித்தான் போடுவார்கள். ஆயிரத்து நானூறு நாட்குறிப்புகளில் யாரோ ஒரு ஜெபசிங் உட்கார்ந்து அந்த இரண்டு சொல்லை எழுதியிருக்கிறான்.

“மிருதுளா, அது சாவு விழுந்த நாளும்மா,” என்றான்.

பிறகு அவள் மெல்ல, அது ஏன் எல்லா இடத்திலும் சரியாக மூன்று நாள் என்று கேட்டாள். ஜெபசிங்குக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவளுக்கே விளக்கிச் சொன்னான். முதல் நாள் போஸ்ட்மார்ட்டத்துக்கும் காகிதங்களுக்கும் போய்விடும். பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் பாதி வழியில் நிற்கும். இரண்டாம் நாள் அடக்கம். மூன்றாம் நாள் பால் ஊற்றுவார்கள். கூட வேலை செய்த ஒருவனும் பால் ஊற்றும் வரை கொத்துக் கரண்டியைத் தொடமாட்டான். அன்று ராத்திரி பஸ் ஏறினால் நான்காம் நாள் காலையில் சைட்டில் நிற்பார்கள். இதில் எந்த நாளை நீ குறைக்க முடியும் என்று கேட்டான்.

“நான் இதையெல்லாம் அப்படியே எழுதி மேல அனுப்பறேங்க சார்,” என்றாள் அவள். ஜெபசிங்குக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த மூன்று நாள் இல்லாமல் போக என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டான். அவள் உடனே கணினியில் போட்டுப் பார்த்தாள். கிரேன் வேலையும் பூச்சு வேலையும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பிரித்தால் அந்த வெற்றுக் கட்டங்கள் மறைந்துவிடுகின்றன. மொத்த வேலை பத்தொன்பது நாள் நீளும்.

மறுநாள் ஜெபசிங் தலைமை அலுவலகத்துக்குப் போய் முதலாளி மகுடபதியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மகுடபதி கெட்டவர் இல்லை. வேலையாட்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்தான். பொறுமையாகக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு நாளைக் காப்பாத்தறதுக்குப் பத்தொன்பது நாள் கேக்கறீங்க, ஜெபசிங்,” என்றார்.

“ஒரு ஆளைக் காப்பாத்தறதுக்கு சார்.”

எந்த ஆள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார் மகுடபதி. முடியாது. நடந்தே தீரும் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. அப்படியென்றால் இது ஒரு சராசரிக் கணக்கு, இதைப் போய் வீடு வாங்கியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், நீங்கள் பாதுகாப்பை இறுக்குங்கள், வேண்டிய உதவி செய்கிறேன் என்று முடித்துவிட்டார். தேதி மாறவில்லை.

ஜெபசிங் இறுக்கினான். கிரேனுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒரு தொடர்பு கொடுக்கச் செய்தான். கிரேன் சுமை தூக்கிக்கொண்டு திரும்பும்போது கீழே ஒரு ஹெல்மெட் வந்தாலும் கிரேன் தானாக நின்றுவிடும். அந்த ஹெல்மெட் விலகினால்தான் மறுபடி நகரும். கலவை குழைக்கிற இடத்திலிருந்து பூச்சு நடக்கிற இடத்துக்குப் போக நேர்வழி கிரேனுக்குக் கீழேதான். இனி அந்த வழி வேண்டாம், கம்பி அடுக்கியிருக்கும் பக்கமாகச் சுற்றிப் போங்கள் என்று சித்தாள்களிடம் சொன்னான். சுற்றினால் மூன்று மடங்கு தூரம். தனக்கொடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் நாள் கிரேன் நாற்பத்தோரு முறை நின்றது. அட்டவணை சிவந்தது, மகுடபதி போன் செய்தார், கிரேன் ஓட்டுகிறவன் ஏழுமலையைத் திட்டினான், ஏழுமலை தங்கையைத் திட்டினார். இரண்டாம் நாள் முப்பது முறை. ஒரு வாரத்தில் ஐந்துக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. பூச்சு வேலையும் பிந்தவில்லை. பாவம், பெண்கள் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள் என்று ஜெபசிங் நினைத்தான். திரையில் பூஜ்யம் தெரிந்தது. பூஜ்யத்தைப் பார்த்தபிறகு எழுந்துபோய்ப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் பதினேழு வந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. மூன்று நாளும் காலையிலிருந்து மாலைவரை மாடி மாடியாக ஏறி இறங்கினான். வலைகளை இழுத்துப் பார்த்தான், கயிறுகளைத் தொட்டுப் பார்த்தான், எவனாவது விளிம்பில் நின்றால் கத்தினான். சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்தரைக்கு எல்லோரும் முழுசாகக் கீழே இறங்கி வந்தபோது, அவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

மறுநாள் எல்லோருக்கும் கேசரியும் டீயும் வரவழைத்தான். என்ன விசேஷம் என்று தனக்கொடி கேட்டாள். சும்மாதான் என்றான். அவள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு போனாள். பெரிய மேஸ்திரியின் அட்டவணையில் மட்டும் அந்த மூன்று வெற்றுக் கட்டங்கள் அழியவில்லை. நகர்ந்து அடுத்த வாரத்துக்குப் போயிருந்தன. தோற்றதை ஒப்புக்கொள்ள இயந்திரத்துக்கும் மனசு வராது போலிருக்கிறது என்று ஜெபசிங் சிரித்துக்கொண்டான்.

இருபத்து மூன்றாம் தேதி காலை பதினோரு மணி இருக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏதோ பார்க்கப் போனவன், அங்கே சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைக் கண்டான். பதினோரு ஆணி. பதினோரு ஆணியிலும் பதினோரு ஹெல்மெட் தொங்கின.

சற்று தூரத்தில் தனக்கொடி கிரேனுக்குக் கீழாக நேர்வழியில் வந்துகொண்டிருந்தாள். தலையில் பழைய புடவைத் துணியைச் சுற்றிய சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. அவளைப் பின்தொடர்ந்து மற்றவர்கள். ஜெபசிங்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தத் தொப்பி மேல சும்மாடு நிக்க மாட்டேங்குது சார், வழுக்குது,” என்றாள். “தொப்பியோட போனா கிரேன் நின்னுடுது, அண்ணன் கத்துது. சுத்திப் போனா கலவை காஞ்சிடுது, கொத்தனார் கத்துறாரு. தொப்பி இங்க இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. பெரிய மேஸ்திரியும் நாங்க தண்ணி குடிக்கிறம்னு நெனச்சிக்கும்.”

இத்தனை நாளும் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று ஜெபசிங்குக்குப் புரிந்தது. கடுமையாகப் பேசத்தான் வாயெடுத்தான். அதற்குள் மிக்சரிலிருந்து புதுக் கலவை தரையில் கொட்டி விழுந்தது. ஈரமும் மினுமினுப்புமாக, முப்பது முப்பத்தைந்து சட்டி தேறும். விட்டால் ஒரு மணி நேரத்தில் இறுகிப்போகும், அள்ளி எறியத்தான் வேண்டும். சிமெண்ட் வேலையில் வளர்ந்த ஒருவனுக்கும் குழைத்த கலவையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கை வராது. மேலும் அந்த மூன்று நாள்தான் கடந்து போய்விட்டதே.

“இனிமே இது கூடவே கூடாது, தனக்கொடி. குழைச்சது குழைச்சாச்சு, இந்தக் கலவைய மட்டும் முடிச்சிடுங்க,” என்றான்.

அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாரத்துக்கான இரும்புக் குழாய்கள் ஒரு கட்டாக மேலே போய்க்கொண்டிருந்தன. பதினாறாம் மாடி உயரத்தில் கட்டிலிருந்து ஒரு குழாய் மட்டும் நழுவியது. கிரேன் ஓட்டுகிறவனின் திரையில் கீழே ஆள் இல்லை என்றே கடைசிவரை காட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஜெபசிங் திரும்பியபோது, சட்டியிலிருந்த கலவை தரையில் பரவியிருந்தது. சும்மாடு தனியே கிடந்தது. ஏழுமலை எங்கிருந்தோ ஓடிவந்து தங்கையை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

போஸ்ட்மார்ட்டம், காகிதங்கள், வண்டி. பாதி வழியில் வண்டி நின்றது, வேறு வண்டி வரும்வரை எல்லோரும் ரோட்டோரம் காத்திருந்தார்கள். ஊரில் அவளை அவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலேயே கிடத்தினார்கள். கூரை இல்லாததால் சுவருக்குச் சுவர் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மாசி பதினெட்டில் தளம் என்று வந்த அந்த அட்டவணையில் பெயரில்லாத நாள் ஒன்றுகூட இல்லை என்பது அங்கே நின்றபோது ஜெபசிங்குக்கு நினைவுக்கு வந்தது. அவசரமில்லாமல் கட்டுகிற வீடு அது. அவன் ஏழுமலையைத் தனியே அழைத்து, இந்தக் கலவையை மட்டும் முடியுங்கள் என்று தான் சொன்னதை ஒளிக்காமல் சொன்னான். ஏழுமலை அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கத்தாம இருந்தா அவ சுத்திப் போயிருப்பா சார்,” என்றார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். நான்காம் நாள் காலை எல்லோரும் வேலைக்கு வந்து நின்றார்கள். நாட்குறிப்பில் வேலை இல்லை என்று எழுதச் சொல்லி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ஜெபசிங் இந்த முறை அப்படி எழுதவில்லை. ‘தனக்கொடி, வயது முப்பத்தெட்டு, கிரேனிலிருந்து குழாய் விழுந்து இறந்தாள். மூன்று நாள் துக்கம்’ என்று எழுதினான். தான் அவளிடம் சொன்ன வார்த்தையையும் அதன் கீழே எழுதினான். விசாரணைக்கு வந்தவர்களும் அதைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். கட்டடம் குறித்த தேதியில், ஒரு நாள்கூடப் பிந்தாமல் முடிந்தது. மகுடபதி பாராட்டி மாலை போட்டார். ஜெபசிங் அதை அன்றே கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டான்.

இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். வேறு எந்த வேலையும் தெரியாது. பொங்கல் கழிந்து வண்டலூர்ப் பக்கம் புது சைட். பெரிய மேஸ்திரியும் புதுப்பித்த பதிப்பு. முதல் நாள் காலை, கண்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து அவன் முழு அட்டவணையையும் திறந்தான். கண் தானாக வெற்றுக் கட்டங்களைத் தேடியது. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை பார்த்தான். ஒன்றும் இல்லை. மிருதுளா சொன்னபடியே மேலே எழுதி அனுப்பியிருக்கிறாள், யாரோ மனிதர்கள் அதைப் படித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவன் நெஞ்சு லேசானது.

மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் ஆகஸ்ட் மாதத்தில் அது கண்ணில் பட்டது. இப்போது அதற்குப் பெயர் இருந்தது.

‘துக்கம்: இரண்டு நாள்.’

விரலை வைத்ததும் கீழே விவரம் விரிந்தது. மருத்துவமனைக் காகிதங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கவும். ஊருக்கான வண்டியை மாதத் தொடக்கத்திலேயே பேசி வைக்கவும், பாதி வழியில் நிற்காத வண்டியாகப் பார்க்கவும். பால் ஊற்றுவதை அடக்கத்தன்றே வைத்துக்கொள்ள உறவினரிடம் பேசலாம். திரும்பி வர இரவு பஸ்ஸில் இடம் பதிவு செய்யவும். இவற்றால் மிச்சமாவது ஒரு நாள்.

எல்லாம் அவன் போனில் சொன்னவை. ஒரு வரியைக்கூட அது விடவில்லை.

வாசலில் நிழலாடியது. ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் புதிதாக வந்த பெண்கள் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பழைய புடவையைக் கிழித்துச் சும்மாடு சுற்றினாள்.

“எத்தினி நாள்ல முடிக்கணும் சார்?” என்றார் ஏழுமலை.

ஜெபசிங் திரையை அவர் கண்ணில் படாதபடி திருப்பி வைத்தான்.

“அதை அப்புறம் சொல்றேன் அண்ணே,” என்றான். “மொதல்ல எல்லார் பேரையும் ஒருதரம் கூப்பிடுங்க. நான் கேக்கணும்.”

ஏழுமலை வெளியே திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் பெயராகத் தங்கையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அப்படியே நின்றார். கை தூக்க யாரும் இல்லை.